ஜல்லி வேகன்களோடு உங்கள் அனுபவம்: 'என்' (N) கேஜ் மாதிரி ரயில் நண்பர்கள் எழுதுங்கள்

லெஸ்டரிலிருந்து:

எஞ்சின்களைப் பற்றியும் பயணிகள் பெட்டிகளைப் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. தண்டவாளத்துக்கு ஜல்லி சுமக்கும் வேகன்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கோ அவைதான் உயிர். நான் சேர்ப்பது பிரிட்டிஷ் 'என்' (N) கேஜ் மாதிரி ரயில்கள்: நிஜத்தில் 148இல் ஒரு பங்கு (1:148) அளவு, 9 மி.மீ. அகலப் பாதை. டாக்ஃபிஷ், கேட்ஃபிஷ், கிராம்பஸ், ஷார்க், சீலயன், சீகவ் என்று கடல்வாழ் உயிர்களின் பெயர் தாங்கிய பொறியியல் துறை வேகன்கள் எல்லாம் என் அலமாரியில் உண்டு.

நிஜ வேகனை நேரில் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். பார்த்த பிறகு உங்கள் மாதிரியில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

ஒரு பாரம்பரிய ரயில் பாதையில் பழைய டாக்ஃபிஷ் ஒன்று ஓரமாக நின்றுகொண்டிருந்தது. 24 டன் சுமக்கும் நாற்சக்கர வேகன். ஒரு முனையில் ஆள் நிற்கும் மேடையும் அதில் மூன்று கைச்சக்கரங்களும் இருந்தன. ஒன்று நடுக் கதவுக்கு, மற்ற இரண்டும் இரு பக்கக் கதவுகளுக்கு. ஜல்லியைத் தண்டவாளங்களுக்கு நடுவே கொட்டுவதா வெளியே கொட்டுவதா என்பதை அங்கே நிற்பவர்தான் சக்கரத்தைத் திருப்பித் தீர்மானிப்பார். கேட்ஃபிஷில் நடுவில் மட்டுமே கொட்ட முடியும் என்பதால் அதற்கு ஒரே சக்கரம் போதும். தொலைவிலிருந்தே இரண்டையும் அடையாளம் காண இது நல்ல வழி.

அன்று என்னை நிறுத்தி வைத்தது ஹாப்பரின், அதாவது கல் நிறைக்கும் சரிவான தொட்டியின், உட்புறம். அதுவரை நான் பார்த்த மாதிரிகளில் எல்லாம் உள்ளே ஒரே துருவாகத் தீட்டியிருப்பார்கள். நிஜத்தில் சரிவின் கீழ்ப்பகுதி, கல் உரசி உரசி, ஈயச் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தது. துரு மேல் விளிம்பிலும், கல் படாத மூலைகளிலும், ஒட்டுப்போட்ட தகடுகளின் ஓரங்களிலும் மட்டுமே இருந்தது. கொட்டும் வாயின் உதடு கிட்டத்தட்டப் பளபளத்தது. கைச்சக்கரங்களின் விளிம்பும் அப்படித்தான். கை பட்ட இடம் கறுத்து மின்ன, ஆரங்களில் மட்டும் கல்தூள் படிந்திருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்து மவுன்ட்சோரல் குவாரியின் கல் இளஞ்சிவப்பு. அதனால் என் வேகன்களில் படிந்த தூசியும் இளஞ்சிவப்புதான். கண்காட்சிகளில் 'இது செங்கல் தூளா?' என்று கேட்பார்கள். மவுன்ட்சோரல் கல் என்று பெருமையோடு சொல்வேன்.

எக்ஸிட்டரிலிருந்து:

அண்ணா, கல்லின் நிறத்தைச் சொன்னீர்களே, அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்துக் கல் மெல்டன். டார்ட்மூரின் வட விளிம்பில், ஓக்ஹாம்டன் அருகே உள்ள குவாரி. தென்பகுதி ரயில் பாதைகளுக்கு மிக நீண்ட காலம் ஜல்லி கொடுத்தது அதுதான். நீலம் கலந்த சாம்பல் நிறக் கல். அங்கிருந்து ஜல்லி ஏற்றிச்சென்ற 40 டன் சீலயன், சீகவ் ஹாப்பர்கள்தாம் என் சேகரிப்பில் பெரும்பகுதி.

மெல்டன் பாலத்தின் மேல் இப்போது நடைபாதையும் சைக்கிள் பாதையும் போகின்றன. ஒரு மழை நாளில் நடந்து போனபோது வழியோரம் கிடந்த சிறு கல் ஒன்றை எடுத்து வந்தேன். ஈரத்தில் கருநீலமாக இருந்தது. வீட்டு ஜன்னலோரம் காய்ந்ததும் வெளிர் சாம்பலாகிவிட்டது. அந்தக் கல்லை மேசையில் வைத்துக்கொண்டு என் வேகன்களைப் பார்த்தால், அவற்றில் பாரமாக ஒட்டியிருந்த ஜல்லி அத்தனையும் மழையில் நனைந்தது போல இருந்தது. பசைதான் காரணம். தண்ணீர் கலந்த பிவிஏ (வெள்ளை மரப்பசை) காய்ந்த பின்னும் கல்லின் நிறத்தை இரண்டு படி ஆழமாக்கிவிடுகிறது.

அதன் பிறகு இப்படித்தான் செய்கிறேன். பசை முழுதாகக் காய்ந்ததும் மினுமினுப்பற்ற வார்னிஷைத் தூரத்திலிருந்து மெல்லிய படலமாகத் தெளிப்பேன். அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே, அதே நிறத்து மிக நுண்ணிய தூளைப் பழைய மேக்கப் தூரிகையால் தட்டிவிடுவேன். மேல்பரப்பில் மட்டும் தூள் நிற்கும், உள்ளிடுக்குகள் கறுப்பாகவே இருக்கும். காய்ந்த ஜல்லியின் தோற்றம் அப்படியே வந்துவிடும்.

இன்னொன்று. வரிசையிலுள்ள எல்லா வேகன்களையும் ஒரே நாளில் அழுக்காக்காதீர்கள். 1980களின் இறுதியில் சாம்பல்-மஞ்சள் வண்ணம் வந்த பிறகும் பழைய ஆலிவ் பச்சை வேகன்கள் அவற்றோடு கோத்துத்தான் ஓடின. புதிதாக வண்ணம் பூசியது ஒன்று, எண்ணே தெரியாத அளவுக்குத் தூசி மூடியது ஒன்று, எண் இருக்கும் இடத்தை மட்டும் யாரோ துடைத்துவிட்டது ஒன்று. அந்தத் துடைத்த சதுரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

தாம்பரத்திலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர்க் கல்லைச் சொல்லத் தோன்றியது. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் சார்னோகைட் பாறை உலகம் முழுவதும் நிலவியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த ஒன்று. கரும்பச்சையும் நீலமும் கலந்த அந்தக் கருங்கல்லை உடைக்கும்போது வரும் கிரஷர் தூளைத்தான் நான் பாரமாகப் பயன்படுத்துகிறேன்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜ ஜல்லி பெரும்பாலும் 30 முதல் 50 மி.மீ. வரை இருக்கும். 148ஆல் வகுத்தால் 0.2 முதல் 0.34 மி.மீ. கடையில் 'என் கேஜ் ஜல்லி' என்று விற்பதில் பல இதைவிடப் பெரியவை. பாதையில் போட்டால் அவ்வளவாகத் தெரியாது, வேகனில் ஏற்றினால் பாறாங்கல் போலத் துருத்தும். கிரஷர் தூளை முதலில் மாவுச் சல்லடையிலும், பிறகு நைலான் துணியிலும் சலித்து, துணியின் மேல் தங்குவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். கல்தூள் நுரையீரலுக்குப் பெரும் கேடு.

சலித்த பிறகு செய்யவேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றித் தூளுக்குள் நன்றாக அளையுங்கள். பையின் மேல் கறுப்பு மீசை போல ஒட்டிக்கொண்டு வரும். சார்னோகைட்டில் உள்ள மேக்னடைட் அது. ஒரு துகள் உதிர்ந்து எஞ்சின் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டினாலும் மோட்டார் பாழாகிவிடும். பையைத் திருப்பிவிட்டுக் காந்தத்தை உருவினால் துகள்கள் பையோடு போய்விடும். எதுவும் ஒட்டாத வரை திரும்பத் திரும்ப அளையவேண்டும்.

நிஜ வேகன் அனுபவமும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம், இந்திய ரயில்வேயின் ஜல்லி வேகன்களான பாபின் (BOBYN) ஹாப்பர்கள் ஜல்லி கொட்டியதை லெவல் கிராசிங்கில் நின்று பார்த்திருக்கிறேன். ரயில் நடை வேகத்தில் ஊர்ந்தது. கதவு திறந்ததும் முதலில் வந்தது தூசி, அதன் பிறகுதான் கல்லின் இரைச்சல். அந்தத் தூசி வேகனின் மேல்பக்கத்தைவிடக் கீழ்ப்பக்கத்தில்தான் அதிகம் படிந்தது. போகிச் சட்டம் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்), பிரேக் கம்பிகள், சக்கர முகப்பு எல்லாம் வெளுத்துவிட்டன. என் மாதிரிகளிலும் இப்போது தூசி கீழிருந்துதான் தொடங்குகிறது.

பர்மிங்காமிலிருந்து:

நான் பெரும்பாலும் பழைய வேகன்களை வாங்குபவன். என்னைப் போல வாங்குபவர்களுக்காக ஓர் எச்சரிக்கை.

ஒரு கண்காட்சிக் கடையில், கைவேலை செய்த ஹாப்பர் ஒன்று கிடைத்தது. பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த கைச்சக்கரங்கள், முடியளவு கம்பியில் கைப்பிடிகள் என்று அருமையான வேலை. கையில் எடுத்தபோது நல்ல கனம், மகிழ்ச்சியாக வாங்கினேன். சில மாதங்களில் பக்கச் சுவர் வெளியே பிதுங்கத் தொடங்கியது. பிறகு மூலையில் விரிசல் விட்டு வெள்ளைப் பொடி உதிர்ந்தது. பாரத்தைப் பெயர்த்துப் பார்த்தேன். எடைக்காக ஈயக் குண்டுகளைப் பிவிஏ பசையில் ஒட்டி அடைத்திருந்தார்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அசெட்டிக் அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து ஈயக் கார்பனேட்டாக்குகிறது. ஈயத்தைவிட அது அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடுகிறது. அந்தப் பொடி நஞ்சு. ஈரத்துணியால் துடைத்துக் கையுறையோடு அப்புறப்படுத்துங்கள்.

பழைய ஹாப்பர் வாங்குவதென்றால் பக்கச் சுவரில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். எடை சேர்ப்பதென்றால் டங்ஸ்டன் பசைமண் போதும். ஈயம்தான் என்றால் எபாக்சியில் ஒட்டுங்கள்.

எவ்வளவு எடை என்று கேட்பீர்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் (NMRA) பரிந்துரையில் 'என்' கேஜ் அளவுக்கு அரை அவுன்ஸும், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.15 அவுன்ஸும் வைக்கச் சொல்கிறார்கள். இரண்டு அங்குல வேகனுக்கு ஏறத்தாழ 23 கிராம் வரும். நீண்ட போகி வேகன்களுக்கு அது சரி. பிரிட்டிஷ் நாற்சக்கர வேகன்களை இருபது கோத்து மேட்டில் இழுப்பதென்றால் அதில் பாதியே போதும் என்பது என் கருத்து.

லெஸ்டரிலிருந்து மீண்டும்:

காந்த யோசனைக்குத் தாம்பரம் தம்பிக்கு நன்றி. ரயிலின் கடைசியில் எதைக் கோப்பது என்று ஒரு நண்பர் தனியாகக் கேட்டிருந்தார். ஷார்க்தான். அதன் இரு முனைகளின் அடியிலும் கலப்பை உண்டு. முன்னே ஹாப்பர்கள் கொட்டிப்போகும் கல்லை அது தண்டவாளத்தின் மேலிருந்து ஒதுக்கிச் சமன்செய்யும். வேலை நடக்காத நேரத்தில் கலப்பை உயர்ந்திருக்கும். ஆகவே ஓடும் ரயிலாகக் காட்டுபவர்கள் அதைத் தூக்கிய நிலையிலேயே ஒட்டிவிடலாம். பாதை பிரியும் பாயின்டுகளிலும் அது இடிக்காது.

வேலை முடித்துத் திரும்பும் ரயிலைக் காட்ட விரும்பினால் ஹாப்பர்களைத் துடைத்து வைத்தது போல விடாதீர்கள். நான்கு மூலைகளிலும் கதவின் மேல் ஓரத்திலும் கொஞ்சம் கல் தங்கித்தான் இருக்கும். மேடையின் பலகையிலும் சில கற்கள் சிதறிக் கிடக்கும். ஊசி முனையில் பசை தொட்டு, தம்பி சலித்தது போன்ற தூளில் நாலைந்து துகள்கள் வைத்தால் போதும்.