அந்த 59:22 கணக்கில் சேராது

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டப்பந்தயம் முடிந்து வியர்வை காய்வதற்குள் கைக்கடிகாரத்தைப் படம் பிடித்து இங்கே போட்டுவிட்டேன், 10 கிலோமீட்டர் 59 நிமிடம் 22 நொடி என்று. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டானே என்று நீங்களும் வரிசையாக வாழ்த்தினீர்கள், பெரியப்பா ஒருவர் வெண்பாவே எழுதி அனுப்பிவிட்டார். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மாலையில் முடிவுப் பட்டியல் வந்தது, என் எண்ணுக்கு நேரே இருப்பது 1:00:37. ஒரு மணி நேரத்துக்கு மேல் 37 நொடி.

பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது 1:02:25தான், நெஞ்சே நின்றுவிட்டது. அது துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணிய நேரம். கூட்டத்தின் பின்பகுதியில் நின்ற நான் தொடக்கக் கோட்டுக்கு நடந்து வரவே 1 நிமிடம் 48 நொடி ஆகியிருந்தது. சட்டையில் குத்திய எண் அட்டையின் பின்னால் ஒரு சிப் ஒட்டியிருக்கும், கோட்டில் விரித்திருக்கும் பாயை மிதித்த நொடியிலிருந்து நம் சொந்த நேரம் ஓட ஆரம்பிக்கும். அந்தக் கணக்கில்தான் 1:00:37. சரி, அப்போது 59:22 எங்கிருந்து வந்தது?

கடிகாரம் 10.00 கிலோமீட்டர் என்று காட்டி அதிர்ந்தபோது எனக்கு முன்னால் முடிவு வளைவு தெரிகிறது, ஆனால் இன்னும் 200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கையைத் தூக்கிக் கொண்டாடிவிட்டேன் வேறு. பக்கத்தில் ஓடியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மீதியை ஓடி முடிக்க 75 நொடி, கடிகாரத்தில் மொத்தம் 10.21. நான் உங்களுக்கு அனுப்பியது முதல் பத்துக்கான நேரத்தை மட்டும்.

வந்த கோபத்தில் நடத்துபவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினேன், உங்கள் பாதை 210 மீட்டர் நீளமாக இருக்கிறது, ஒழுங்காக அளந்தீர்களா என்று. பாவம், பொறுமையாக இரண்டு வரி பதில் போட்டார்கள்: பாதை முறையாக அளக்கப்பட்டது, சான்றிதழ் இருக்கிறது, நீங்கள் வளைவுகளை எப்படி ஓடினீர்கள்? அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் எப்படித்தான் அளக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

அளப்பது சைக்கிளில். முன் சக்கரத்தின் அச்சில் ஜோன்ஸ் எண்ணி என்று ஒரு சின்னக் கருவியை மாட்டுகிறார்கள், சக்கரத்தின் ஒரு சுற்றை இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக அது எண்ணும், அதாவது ஒரு எண்ணிக்கை சுமார் ஒன்பது சென்டிமீட்டர். அளப்பதற்கு முன் எஃகு நாடாவால் அளந்த ஒரு நேர்ச் சாலையில் நான்கு தடவை ஓட்டி, கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டுகொள்ள வேண்டும். முடித்த பிறகு திரும்ப நான்கு தடவை, ஏனென்றால் வெயில் ஏறினால் டயரில் காற்று விரிந்து கணக்கு மாறிவிடும். செயற்கைக்கோள் காலத்திலும் இதைத்தான் நம்புகிறார்கள். செயற்கைக்கோளை வைத்துத் தூரம் கணிக்கும் நம் கடிகாரம் மரத்தடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் இடத்தைக் கொஞ்சம் அங்கே இங்கே தள்ளித்தான் பிடிக்கும், அந்தக் கோணல்மாணலும் தூரத்தில் சேர்ந்துகொள்ளும்.

அதைவிட முக்கியம், அவர்கள் அளப்பது ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியை. வளைவில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் திரும்பினால் சாலையைக் குறுக்காக வெட்டி அந்த ஓரத்துக்கு. அதற்கும் மேல் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வேண்டுமென்றே சேர்ப்பார்கள், பாதை தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாதென்று. ஆக பாதை 10,010 மீட்டர். எனக்கு மிச்சமிருக்கும் 200 மீட்டரில் கடிகாரத்தின் தவறு எவ்வளவோ, மீதி என் கைங்கரியம்.

எங்கே போயிருக்கும் என்று இப்போது நன்றாகவே தெரிகிறது. முதல் கிலோமீட்டரில் முன்னால் இருந்தவர்கள் மெதுவாகப் போகிறார்கள் என்று இடதும் வலதுமாகப் பாம்பு மாதிரி நெளிந்து தாண்டினேன், 5:18 வந்தது. ஆறு நிமிட வேகத்தில் போக வேண்டியவன்! முதல் பாதி 28:13, அப்போது பெருமை தாங்கவில்லை. இரண்டு இடங்களில் சாலை நடுவே கூம்பைச் சுற்றி அப்படியே திரும்ப வேண்டும், கூட்ட நெரிசலுக்குப் பயந்து நான் நான்கைந்து மீட்டர் அகலமாகச் சுற்றினேன். ஐந்து மீட்டர் தள்ளிச் சுற்றினால் ஒரு திருப்பத்துக்கு 15 மீட்டருக்கு மேல் கூடுதல், பள்ளிக்கூடத்து அரைவட்டக் கணக்குதான். தண்ணீர் மேசைக்கு வேறு கோடி விட்டுக் கோடி ஓடினேன். ஏழாவதிலேயே விலாவில் பிடித்துக்கொண்டது, எட்டாவது கிலோமீட்டர் 6:31. இரண்டாம் பாதி மொத்தம் 31:09, அதில் முந்திய நெளிவுக்கெல்லாம் வட்டியும் சேர்ந்திருந்தது.

அந்த எட்டாவதில்தான் ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனார், அறுபது வயதாவது இருக்கும். தொடக்கத்திலிருந்தே ஓரக்கல்லை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தார். இளவட்டங்களுக்கு வழி விட்டு ஒதுங்கிப் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன், என் புத்தி அவ்வளவுதான். முடிவில் தண்ணீர் வாங்கும்போது உங்கள் கடிகாரம் எவ்வளவு காட்டியது என்று கேட்டேன். 10.06 என்றார், தண்ணீருக்காக ஒரு தடவை எதிர்ப்பக்கம் போய்விட்டேன் என்று வருத்தமும் பட்டுக்கொண்டார்.

அப்புறம் வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கடிகாரக் கணக்குப்படி என் சராசரி கிலோமீட்டருக்கு 5:56. இதே வேகத்தில் 10.21 ஓடாமல் 10.10 ஓடியிருந்தால் 59:58. கால் வேகம் போதுமானதாக இருந்திருக்கிறது, சாலையில் சும்மா அலைந்திருக்கிறேன். இது தெரிந்த பிறகு அந்த 37 நொடி இன்னும் எரிகிறது.

நடத்தியவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியாகிவிட்டது. வாழ்த்தியவர்கள் தங்கள் வாழ்த்தைத் திரும்பப் பெறலாம். பெரியப்பா, வெண்பாவை மட்டும் அழிக்க வேண்டாம், "அறுபதுக்குள்" என்று வரும் சீரை இப்போதைக்கு அடைப்புக்குறிக்குள் போட்டு வையுங்கள், அடுத்த ஓட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டேன்.