அம்பாசிடர் மார்க் 2: எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்கும் ஹோஸ் எது?

தேவகோட்டை_மார்க்2:

வணக்கம். ஐயா வாங்கிய மார்க் 2 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல் வண்டி, இன்னும் தேவகோட்டை வீட்டு ஷெட்டில் நிற்கிறது. நாங்கள் எல்லாரும் சென்னையில். ஊரில் கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சாமி கும்பிடு), சிவராத்திரி என்று ஏதாவது வந்தால்தான் வண்டி வெளியே வரும். மற்ற மாதங்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எப்போதாவது ஸ்டார்ட் செய்து வைப்பார், அவ்வளவுதான். விலைக்குக் கேட்டு ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள், கொடுப்பதாக இல்லை. தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்பதுதான் இப்போது என் கவலை.

பொங்கலுக்கு வந்தபோது பெட்ரோல் பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் வளைத்துப் பார்த்தேன், மேற்புறம் முழுக்க மெல்லிய வெடிப்பு. பக்கத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டு வாங்கி மாற்றினோம். கறுப்பு ஹோஸ், மேலே ஒரு எழுத்து கிடையாது. இந்த முறை வந்து ஷெட் கதவைத் திறந்தால் பெட்ரோல் வாடை ஆளைத் தள்ளுகிறது. ஆனால் எங்கும் ஒழுகவில்லை. கிளிப்பைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன், காலையில் துணி காய்ந்தே இருந்தது. தரையிலும் ஒரு சொட்டு இல்லை.

இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு எந்தத் தர எண் உள்ள ஹோஸ் என்று விசாரித்தால் ஒருவர் ஆர்6 போதும் என்கிறார், ஒருவர் ஆர்9 என்கிறார், இணையத்தில் ஆர்14 என்று ஒன்று விற்கிறார்கள், விலை எங்கேயோ போகிறது. நம்முடையது கார்புரேட்டர் வண்டிதானே, பம்ப் அழுத்தம் ஒன்றும் பெரிதில்லை, இஞ்செக்‌ஷன் வண்டிக்கான ஹோஸ் இதற்கு எதற்கு? அப்புறம், மேலே ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ் பார்க்க நன்றாக இருக்கிறது, அதைப் போடலாமா?

பள்ளத்தூர்_ரப்பர்:

தம்பி, நான் ரப்பர் உதிரிபாகம் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒழுகல் இல்லாமல் வாடை மட்டும் வருகிறது என்றால் முதலில் அந்த ஹோஸைத்தான் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோல் அதன் சுவர் வழியாகவே ஆவியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். கிளிப்பில் துணி கட்டிப் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் ஈரமே வராது. சாதாரண நைட்ரைல் ரப்பரில் எப்போதுமே கொஞ்சம் இப்படிக் கசியும், எத்தனால் சேர்ந்த பெட்ரோலில் அது கூடிவிடும். பெட்ரோல் தனியாகவும் எத்தனால் தனியாகவும் செய்யாத வேலையை இரண்டும் சேர்ந்தால் செய்யும். ரப்பர் கூடுதலாக உப்பும், அதற்குள் கலந்து வைத்திருக்கும் மென்மையாக்கும் பொருள் கரைந்து பெட்ரோலோடு போய்விடும். வண்டி மாதக்கணக்கில் நின்று ஹோஸ் உள்ளே காய்ந்துவிட்டால், உப்பிய ரப்பர் சுருங்கும், மென்மை போய்விட்டதால் வெடிக்கும். ஊறிக் காய்வதும் காய்ந்து மறுபடி ஊறுவதும்தான் அதற்கு எமன். தினமும் ஓடும் வண்டியை விட நம் ஊர் ஷெட்டுகளில் நிற்கும் வண்டிக்கு இதனால்தான் நல்ல ஹோஸ் அதிகம் தேவை.

அழுத்தத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. எஸ்ஏஇ ஜே30 என்கிற பெட்ரோல் ஹோஸ் தரத்தில் ஆர்6, ஆர்7 இரண்டும் 50 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை, உங்கள் மெக்கானிக்கல் பம்ப் சில பிஎஸ்ஐ கொடுத்தாலே பெரிது. ஆனால் ஆர்9-க்குக் காசு கொடுப்பது அதன் 100 பிஎஸ்ஐக்காக இல்லை, உள்ளே இருக்கும் லைனிங்குக்காக. அது ஃப்ளோரோ ரப்பர், எஃப்கேஎம் என்பார்கள், வைட்டான் என்பது அதில் ஒரு பிராண்டு. எத்தனால் அதை அசைப்பது கடினம். கசிவுக்கான உச்ச வரம்பைப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் 24 மணி நேரத்துக்கு ஆர்7-க்கு 550 கிராம், ஆர்9-க்கு 15 கிராம். 8 மி.மீ உள்விட்டத்தில் ஒரு மீட்டர் ஹோஸ் என்றால் உள்பரப்பு 0.025 சதுர மீட்டர். அப்படியானால் ஆர்7-ல் ஒரு நாளைக்கு 14 கிராம் வரை போகலாம், ஆர்9-ல் அரை கிராம்கூட வராது. இது ஆய்வக வெப்பநிலையில், சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரை ஷெட்டுக்குள் நிலைமை என்ன என்று நினைத்துப் பாருங்கள். மூடிய ஷெட்டில் இந்த ஆவி தரையோடு தங்கும், காற்றை விடக் கனம். உங்கள் வீட்டு ஷெட்டில் விளக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது?

ஆர்14 என்பது எத்தனால் கலப்பையே மனதில் வைத்து வந்தது, கசிவு குறைவு, நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு அடுக்கு வைத்திருப்பார்கள். நல்ல ஹோஸ்தான். ஆனால் கூர்மையான முனையுள்ள பழைய இரும்புக் குழாயில் திருகித் திருகி ஏற்றினால் உள்ளடுக்கு கிழிய வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால் உங்கள் வண்டிக்கு நல்ல கம்பெனி ஆர்9.

வாங்கும்போது ஹோஸின் மேல் நீளம் முழுக்கத் திரும்பத் திரும்ப அச்சு இருக்க வேண்டும்: கம்பெனி பெயர், அளவு, எஸ்ஏஇ ஜே30 ஆர்9, தயாரித்த தேதி. வெறுமனே எத்தனால் ஹோஸ், இ20 (20 சதவீத எத்தனால் பெட்ரோல்) ஓகே என்று மட்டும் அச்சடித்திருந்தால் நம்ப வேண்டாம், எந்தத் தரத்தில் சோதித்தது என்று அது சொல்லவில்லை. கடைக்காரரிடம் புது பிளேடால் ஒரு முனையைச் சீவித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆர்9-ல் உள்பக்கம் ஒரு மெல்லிய வளையம் தனியாகத் தெரியும், அதைச் சுற்றி வேறு ரப்பர், நடுவில் நூல் பின்னல். முழுக்க ஒரே ரப்பராகத் தெரிந்தால், அச்சு என்னதான் சொன்னாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காரைக்குடி_மெக்கானிக்:

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. வேலை செய்கிற இடத்திலிருந்து நான் சிலதைச் சேர்க்கிறேன்.

பானெட்டைத் திறந்தால் தெரிகிற ஹோஸை மட்டும் எல்லாரும் மாற்றுவார்கள். பின்னால் டேங்க்கிலிருந்து இரும்புக் குழாய்க்கு வரும் சின்ன ஹோஸ், டேங்க் வாய்க்குப் போகும் பெரிய ஹோஸ், இதையெல்லாம் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வாடை ஷெட்டின் பின்பக்கம் அதிகமா, முன்பக்கம் அதிகமா என்று மோந்து பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைக்கும். போன மாதம் என்னிடம் வந்த ஒரு வண்டியில் டேங்க் பக்க ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் கிழித்துப் பார்த்தோம், வெளியே பளபளவென்று இருக்கிறது, உள்தோல் வாழைச்சருகு மாதிரி உரிந்து துண்டு துண்டாகத் தொங்குகிறது. அந்தத் துண்டுதான் ஃபில்டரில் போய் அடைத்து, திருப்பத்தூர் ரோட்டில் வண்டியை நிறுத்தியது.

ஹோஸ் மாற்றும்போது பம்ப்பையும் விடாதீர்கள். அதன் உள்ளே பெட்ரோலைத் தள்ளும் சவ்வான டயாப்ரம் பழைய ரப்பர் என்றால் அதுவும் எத்தனாலில் இறுகும் அல்லது தொய்யும். கிழிந்தால் பெட்ரோல் ஆயில் சேம்பருக்குள் போகும், அது ஹோஸ் ஒழுகுவதை விட மோசம். ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ரிப்பேர் கிட் வாங்கும்போது எத்தனாலுக்கு ஒத்துவருகிற டயாப்ரமா என்று கேட்டே வாங்குங்கள், பல வருடம் கடையில் கிடந்த பழைய ஸ்டாக் வேண்டாம். கார்க் கேஸ்கட் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கிளிப் விஷயம். பல் வெட்டிய பட்டை உள்ள சாதா ஸ்க்ரூ கிளிப் ரப்பருக்குள் கடித்து இறங்கும், இறுக்க இறுக்க வெட்டும். உள்பக்கம் வழவழப்பாக, ஓரம் மடித்துவிட்ட சின்ன கிளிப் இஞ்செக்‌ஷன் வண்டிகளுக்கு வருகிறது, அதைப் போடுங்கள்.

அம்பாசிடர் எஞ்சினில் கார்புரேட்டரும், புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். அதனால் ஹோஸ் போகும் வழி முக்கியம். எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் இரும்பு அல்லது செம்பு நிக்கல் குழாயிலேயே கொண்டுபோய், எஞ்சின் ஆடுகிற இடத்தில் மட்டும் ரப்பர் வையுங்கள். ரப்பர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி. மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகிற துண்டுக்குச் சூடு தாங்கும் உறை மாட்டினால் கோடையில் வேப்பர் லாக்கும் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பது) குறையும்.

இன்னொன்று, எத்தனால் டேங்க்கில் பல வருடமாகப் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவரும். அதனால் புது ஹோஸ் போட்டதும் ஃபில்டரும் புதிது, கொஞ்சம் ஓடியபின் இன்னொரு ஃபில்டர். கையில் ஒன்று உபரி வைத்திருங்கள்.

கானாடுகாத்தான்_ஃபியட்:

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. என் ஃபியட்டில் ஆர்6 தான் போட்டிருக்கிறேன், வருடா வருடம் பொங்கலுக்கு முன் மொத்தமாக மாற்றிவிடுவேன், பிரச்சினை வந்ததில்லை. ஆர்9 என்று போட்டுவிட்டுப் பத்து வருடம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதை விட இது மேல் என்பது என் எண்ணம். நான் ஊரிலேயே இருக்கிறேன், வாரம் ஒரு தடவை கோவிலுக்காவது வண்டி எடுப்பேன், அது ஒரு வித்தியாசம்.

ஸ்டீல் வலை ஹோஸ் வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன ரப்பர் என்று யாருக்கும் தெரியாது, வெடித்திருந்தாலும் வலை மறைத்துவிடும், அதோடு அது உரசுகிற இடத்தில் பெயிண்டையும் வயரையும் அரம் போட்டு அறுக்கும். உள்ளே டெஃப்லான் குழாய் உள்ளது வேறு ரகம், அதற்கு முனையில் தனி ஃபிட்டிங் வேண்டும், கிளிப் போட்டு இறுக்குவது அதற்கு இல்லை. பைக் கடைகளில் தொங்கும் கண்ணாடி மாதிரி டியூபும் இதற்கு ஆகாது, கொஞ்ச நாளில் இறுகிக் கழன்றுவிடும்.

பள்ளத்தூர்_ரப்பர்:

வருடா வருடம் மாற்றுகிற ஒழுக்கம் இருந்தால் வெடிப்புக்கு அது பதில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கசிவுக்குப் பதில் இல்லை, ஆர்6 புதிதாக இருக்கும்போதும் கசியத்தான் செய்யும். உங்கள் ஷெட் காற்றோட்டமாக இருந்தால் தெரியாது. இவர் வீட்டுக் கதவு மாதக்கணக்கில் பூட்டியே கிடக்கிறது, பார்த்துக்கொள்கிற அண்ணன் அங்கே வந்து சுவிட்சைப் போடுகிறார், அதனால்தான் ஆர்9 என்று அடித்துச் சொல்கிறேன். பெட்ரோலும் முன்பு மாதிரி இல்லை. எத்தனால் கலப்பு 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதத்தில் தொடங்கியது, 2022-ல் 10, 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தது, 2025-ல் நாட்டின் சராசரியே கிட்டத்தட்ட 20-ஐத் தொட்டுவிட்டது. 5 சதவீதத்தில் பல வருடம் தாங்கிய ஹோஸ் என்பதற்காக இதிலும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆர்9 போட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை வளைத்துப் பார்க்கத்தான் வேண்டும். லைனிங் நன்றாக இருக்க, வெளி ரப்பர் எஞ்சின் சூட்டில் வெடிப்பதும் உண்டு.

தேவகோட்டை_மார்க்2:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விளக்கு சுவிட்ச் ஷெட்டுக்குள் கதவை ஒட்டித்தான் இருக்கிறது, நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வெளியே மாற்றச் சொல்கிறேன். டிப் ஸ்டிக்கில் வாடை இல்லை. வாடை முன்பக்கம்தான் அதிகம். வெர்னியரில் அளந்தால் குழாயின் வெளிவிட்டம் ஒரு இடத்தில் 7.9, இன்னொரு இடத்தில் 6.3 வருகிறது. எல்லாவற்றுக்கும் 8 மி.மீ ஹோஸ் வாங்கிக் கிளிப்பை நன்றாக இறுக்கிவிட்டால் ஆகாதா? அப்புறம், நான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவேன், வண்டியை எப்படி விட்டுப் போவது?

காரைக்குடி_மெக்கானிக்:

ஆகாது. 7.9 என்பது 5/16 அங்குலம், 6.3 என்பது கால் அங்குலம். இரண்டுக்கும் தனித்தனி ஹோஸ் வாங்குங்கள். பெரிய ஹோஸைச் சின்னக் குழாயில் இறுக்கினால் ரப்பர் ஒரு பக்கம் மடிந்து அந்த மடிப்பு வழியாகவே ஒழுகும். குழாய் முனையில் துரு இருந்தால் நைஸ் எமரியில் தேய்த்து, துணியால் துடைத்து, ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி நேராகத் தள்ளி ஏற்றுங்கள். ஒரு அங்குலமாவது உள்ளே போக வேண்டும்.

மாட்டி முடித்ததும் பானெட் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, கையில் டார்ச்சோடு ஒவ்வொரு கிளிப்பாகப் பாருங்கள், பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். எஞ்சின் சூடாகி ஆறியபின் கிளிப்பை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

கிளம்பும்போது டேங்க்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி விடுங்கள், காலி டேங்க்கில் ஈரக்காற்று புகுந்து எத்தனால் தண்ணீரை இழுக்கும், அடியில் துரு பிடிக்கும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். அண்ணனிடம் வாரம் ஒருமுறை ஷெட் கதவை இரண்டு பக்கமும் திறந்து காற்றாட விடச் சொல்லுங்கள். சும்மா ஸ்டார்ட் செய்து அணைப்பது வேண்டாம், மாதம் ஒருமுறை ராம்நகர் வரை ஓட்டிவிட்டு வந்தால் போதும்.

சனிக்கிழமை காலையில் நான் தேவகோட்டை வருகிறேன், வேண்டுமென்றால் எட்டி ஒரு பார்வை பார்க்கிறேன். பம்ப்பைக் கழற்றாமல் வையுங்கள்.