புதுப்பிப்பு: சாலைக்கும் தடத்துக்கும் ஒரே காரா, தடத்துக்கென்றே தனிக் காரா?

சாலையில் ஓட்டச் சட்டப்படி தகுதியுள்ள போர்ஷே 911 ஜிடி3 போன்ற ஒரு காரை வாங்கி அதையே பந்தயத் தடத்துக்கும் கொண்டுசெல்வதா, தடத்துக்கென்றே தனிக் கார் ஒன்றைத் தயார்செய்வதா என்று இந்த இழையின் தொடக்கத்தில் கேட்டிருந்தேன். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து, முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சிறிய இரு இருக்கைக் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன்.

முடிவைத் தீர்மானித்தது வேகம் அன்று, பாதுகாப்பு. கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு, தலைக்கவசம் அணிந்த ஓட்டுநரை ஆறுமுனை பெல்ட் இருக்கையோடு இறுக்கிப் பிடித்திருக்கும்போது உயிரைக் காக்கிறது. தலைக்கவசமின்றிச் சாலையில் செல்லும்போதோ, சிறிய மோதலில்கூட அதே குழாயில் தலை மோதிப் பலத்த காயம் ஏற்படலாம். ஆகவே இரண்டு இடங்களுக்கும் ஒரே கார் என்றால், ஏதேனும் ஓரிடத்தில் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க நேரும் என்பது என் உறுதியான கருத்து.

எடையும் முக்கியம். எம்எக்ஸ்-5 போல ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள கார் பிரேக்குக்கும் டயருக்கும் தரும் சுமை குறைவு. ஆனாலும் தடத்தில் பிரேக் சூடேறி அதன் திரவம் கொதித்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பின் அது 155 டிகிரியை நெருங்கக்கூடும் என்பதால், முதல் வேலையாக அதை மாற்றிவிட்டேன்.

டிரெய்லரில் ஏற்றிச் செல்வது தொல்லைதான். ஆனாலும் தடத்தில் ஏதேனும் உடைந்தால் வீடு திரும்ப வேறு வண்டி இருக்கிறது என்பது மனத்துக்குப் பெரிய நிம்மதி. கூண்டும் கழுத்துக் காப்பும் பொருத்திய பிறகே ஸ்லிக் எனப்படும் வரிப்பள்ளமில்லாத பந்தய டயரைப் பற்றி யோசிப்பேன்.