மறு: இம்யூனோஅஸேக்கு என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். இம்யூனோஅஸே (immunoassay) என்பது, குறிப்பிட்ட ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) வைத்து அந்தப் பொருளின் அளவைக் காணும் ஆய்வக முறை. அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதானே கேள்வி.

> பாடநூலில் இம்யூனாலஜி நோய்த்தடைகாப்பியல்தானே? அதையொட்டி ‘நோய்த்தடைகாப்புச் சோதனை’ என்று வைத்தால் வேலை முடிந்தது.

ஐயா, எனக்கு இடிப்பது அங்கேதான். ரசீதில் அப்படிப் போட்டிருந்தால், உடம்பில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று பார்க்கப்போகிறார்கள் என்றே நோயாளி நினைப்பார். வான் வில்லிபிராண்ட் காரணியை எடுத்துக்கொள்வோம். ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மா புரதம் அது. குறைந்தால் அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும், பல் பிடுங்கினால் கசிவு நிற்காது, பெண்களுக்கு மாதவிடாய்ப் போக்கு அதிகமாகும். அதை அளக்க ஒரு கிட் வாங்குகிறோம். இதில் நோயாளியின் நோய்த்தடைகாப்புக்கு ஒரு வேலையும் இல்லை. எதிர்ப்பொருள் கிட்டுக்குள்ளேயே வருகிறது, பெரும்பாலும் முயலிலிருந்தோ சுண்டெலிச் செல்களிலிருந்தோ எடுத்தது. அது வெறும் கருவி.

ஆகவே என் பரிந்துரை: எதிர்ப்பொருள்வழி அளவீடு.

‘வழி’யை விட்டுவிடாதீர்கள். விட்டால் எதிர்ப்பொருளையே அளப்பதாகப் பொருள் மாறிவிடும். முன்னொட்டு எதையும் சேர்த்துக்கொள்ள இடமிருப்பதும் ஒரு வசதி. அமெரிக்காவில் யாலோவும் பெர்சனும் இன்சுலினை இம்முறையில் முதலில் அளந்தபோது, எவ்வளவு ஒட்டியது என்று காட்டும் அடையாளத்துக்குக் கதிரியக்க அயோடினைப் பயன்படுத்தினார்கள். 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் அந்த இடத்தில் நொதியை வைத்தார்கள். நெதர்லாந்தில் வான் வீமனும் ஷூர்ஸும் அதே காலத்தில் தனியாக இதையே செய்தார்கள். இன்று பெரிய ஆய்வகங்களில் ஒளி உமிழும் பொருள் வந்துவிட்டது. அடையாளம்தான் மாறுகிறது, எதிர்ப்பொருள் அப்படியே இருக்கிறது. கதிர், நொதி, ஒளிர் என்று முன்னால் போட்டுக்கொண்டால் போதும். நொதி வைத்த முறையைப் பேச்சில் எல்லாரும் எலைசா (ELISA) என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும்.

> யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஆன்டிபாடியைப் பிறபொருளெதிரி என்றுதான் படித்தோம்.

நல்ல சொல்தான் அம்மா. ஆனால் ‘பிறபொருளெதிரிவழி’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். அகராதியில் இரண்டையும் இணைச்சொற்களாகக் கொடுத்துவிடலாம்.

சோதனை வேண்டாம், அளவீடுதான் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. வான் வில்லிபிராண்ட் காரணிக்கு இரண்டு கணக்கு எடுப்பார்கள்: எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேலை செய்கிறது. எலைசா சொல்வது முதலாவதை மட்டும். இரண்டாம் வகை வான் வில்லிபிராண்ட் நோயில் அளவு ஓரளவு சரியாகவே இருக்கும், வேலை மட்டும் குறைந்திருக்கும். ‘சோதனை இயல்பு’ என்று அறிக்கை வந்தால் மருத்துவரே ஏமாறக்கூடும். ‘அளவு இயல்பு’ என்றால் அடுத்த கேள்வி தானாக வரும். ஓ வகை ரத்தக்காரர்களுக்கு இந்த அளவு மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு என்பதையும் அறிக்கை படிப்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

ஆய்வக அறிக்கையில் இந்தப் புரதத்தை ‘ஆன்டிஜென்’ (எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் பொருள்) என்று எழுதுவது இன்னொரு பொறி. எதிர்ப்பொருள் தூண்டி என்று பெயர்த்தால் தப்பு; முயலுக்கு வேண்டுமானால் இது தூண்டி, நோயாளிக்கு இது சொந்தப் புரதம். இந்த இடத்தில் மட்டும் ‘இலக்குப் புரதம்’ என்று போடலாமே?

இலக்குப் புரதத்தை இரண்டு எதிர்ப்பொருள்களுக்கு நடுவில் பிடிக்கும் சாண்ட்விச் முறைக்கு ‘இருபிடி முறை’ என்கிறேன். 96 குழித் தட்டின் அடியில் ஒட்டியிருப்பது பிடி எதிர்ப்பொருள், மேலிருந்து வந்து சேர்வது காட்டி எதிர்ப்பொருள். நிறங்காட்டி பள்ளியிலிருந்தே பழகிய சொல் என்பதால் ‘காட்டி’ உறுத்தாது. கிட்டுக்கு ‘கருவிப்பெட்டி’ என்றால் திருப்புளி, ஸ்பானர்தான் நினைவுக்கு வருகிறது. ‘அளவீட்டுத் தொகுப்பு’ பரவாயில்லை, ஆனால் கிட் என்றே விட்டாலும் எனக்குச் சம்மதம்.

கிட்டோடு வரும் செய்முறைத் தாளில் வைத்து ஓட்டிப் பார்த்தேன்:

“சிட்ரேட் குழாயில் எடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவை நீர்க்கச் செய்து குழிகளில் இடவும். பிடி எதிர்ப்பொருளில் இலக்குப் புரதம் ஒட்டியபின் கழுவவும். நொதி இணைத்த காட்டி எதிர்ப்பொருளை இட்டு மீண்டும் கழுவவும். நிறமூட்டியை இட்டதும் நீலம் தோன்றும். நிறுத்து கரைசலாகிய அமிலத்தை இட்டதும் மஞ்சளாகும். உடனே 450 நானோமீட்டரில் படிக்கவும்.”

ஸ்டாப் சொல்யூஷனுக்கு வைத்த ‘நிறுத்து கரைசல்’ மட்டும் இன்னும் சரியாக உட்காரவில்லை. முடிப்புக் கரைசல்? யாராவது கைகொடுங்கள்.