ஹெசெத்: தமிழ் வேதாகமத்தில் இந்தச் சொல்லை எங்கே, எந்த வேஷத்தில் கண்டீர்கள்?

வேதபாட வாத்தியார்
தேவன் தம் ஜனத்தைக் கைவிடாமல் பற்றிக்கொண்டிருக்கும் அன்புக்கு எபிரெயத்தில் ‘ஹெசெத்’ என்று பெயர். (சிலர் ‘கெசட்’ என்று எழுதுகிறார்கள். அரசாங்க அறிவிப்பு ஞாபகம் வருகிறது, வேண்டாமே.) பழைய ஏற்பாட்டில் சுமார் 250 தடவை வருகிறது, அதில் பாதி சங்கீதங்களில். நம் பழைய திருப்புதலில் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) ‘கிருபை’ என்று மட்டும் தேடினால் பாதிகூடச் சிக்காது. யாத்திராகமம் 34:6ஐ எடுங்கள்: “இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்.” இங்கே ஹெசெத் ‘கிருபை’ அல்ல, ‘தயை’. அடுத்த வசனத்திலேயே ஆயிரம் தலைமுறைக்குக் காக்கப்படும் ‘இரக்கம்’ என்று ஆள் மாறிவிடுகிறது.

நீங்கள் கண்ட இடங்களை எழுதுங்கள். சாட்சி வேண்டாம், வசன எண் வேண்டும்.

எபிரெயம் மூன்றாம் ஆண்டு
ஓசியாவில் ஆறு தடவை. 2:19ல் கிருபை, 4:1ல் இரக்கம், 6:4ல் பக்தி, 6:6ல் மறுபடி இரக்கம், 10:12லும் 12:6லும் தயவு. ஆறு இடத்துக்கு நான்கு தமிழ்ச் சொற்கள்.

இதில் அதிக நஷ்டம் 6ஆம் அதிகாரத்தில்தான். “உங்கள் பக்தி காலையில் காணும் மேகத்தைப்போல” ஒழிந்துபோகிறது என்று 4ஆம் வசனம் சொல்கிறது. இரண்டு வசனம் தள்ளி, “பலியை அல்ல இரக்கத்தையும்” விரும்புகிறேன் என்கிறார். எபிரெயத்தில் இரண்டும் ஒரே சொல். உங்களிடம் வெயில் வந்ததும் காய்ந்துபோகிறதே, அதைத்தான் நான் கேட்கிறேன் என்பது வாதம். தமிழில் ஒன்று பக்தி, மற்றது இரக்கம் என்றானதால் அந்த முடிச்சு தெரிவதில்லை. “ஏழைக்கு உதவு, பலி வேண்டாம்” என்று மட்டும் பிரசங்கம் முடிந்துவிடுகிறது. மத்தேயு 9:13, 12:7 இரண்டும் இதையே எடுத்தாளுவதால் அந்தக் குறுக்கம் அங்கேயும் தொடர்கிறது.

இன்னொன்று. ஓசியா மனைவியை 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்கும் 3ஆம் அதிகாரத்தில் ஹெசெத் கிடையாது. அங்கே உள்ள சொல் ‘அஹபா’, தமிழில் நேசம். கதை ஹெசெத்தின் கதைதான், சொல் இல்லை. “மூலபாஷையில் இங்கே ஹெசெத்” என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமென்றால் எரேமியா 31:3: “அநாதி சிநேகத்தால்” அஹபா, “காருணியத்தால்” ஹெசெத்.

ஞாயிறுபள்ளி அக்கா
ரூத்தில் மூன்றே இடம்: 1:8, 2:20, 3:10. முதலில் தயை, பிறகு தயவு, கடைசியில் நற்குணம். “உன் முந்தின நற்குணத்தைப்பார்க்கிலும் உன் பிந்தின நற்குணம்” என்று ரூத்தைப் பிறகு மணக்கும் போவாஸ் சொல்லும்போது பிள்ளைகள் ‘நல்ல பெண்’ என்று புரிந்துகொள்கிறார்கள். அவன் சொல்வது வேறு. இளைஞர்கள் பின்னே போகாமல், செத்துப்போன கணவன் வீட்டுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறாளே, அதற்குப் பெயர் ஹெசெத். முதல் அதிகாரத்தில் மாமியார் நகோமி கர்த்தரிடம் கேட்டது எதுவோ, அது மூன்றாம் அதிகாரத்தில் ஒரு மோவாபியப் பெண்ணின் கையிலிருந்து வருகிறது.

வகுப்பில் நடத்த எளிய வழி: மூன்று வசனத்தையும் கரும்பலகையில் எழுதி, அந்த மூன்று சொல்லையும் ஒரே நிறச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அப்புறம் 2 சாமுவேல் 9. அங்கேயும் மூன்று தடவை (1, 3, 7). யோனத்தானுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தாவீது, இரண்டு காலும் முடமான அவன் மகன் மேவிபோசேத்துக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறான், பந்தியில் உட்கார வைக்கிறான், உழுது பயிரிட சவுலின் வேலைக்காரன் சீபாவையும் அவன் 15 பிள்ளைகளையும் 20 வேலைக்காரரையும் ஏற்படுத்துகிறான். பாடம் பெரும்பாலும் சாப்பாட்டு மேஜையோடு நின்றுவிடும். 21:7 வரை போங்கள். யோனத்தானின் தகப்பன் சவுலின் வீட்டாரைக் கையளிக்க வேண்டிய நாளிலும் அந்த ஆணை நிமித்தம் இவனைத் தப்பவிடுகிறான்.

கன்கார்டன்ஸ் பிரியர்
தேடும் முறை:

ஸ்ட்ராங் எண் (மூலபாஷைச் சொல் ஒவ்வொன்றுக்கும் கன்கார்டன்ஸ் என்ற சொல்லடைவில் உள்ள எண்) 2617ஐப் போட்டுத் தேடுங்கள். அதுதான் ஹெசெத். 2603, 2587 (இரங்குதல், இரக்கமுள்ளவர்) வேறு. 7356 (கர்ப்பம் என்ற சொல்லோடு உறவுடைய மனவுருக்கம்) வேறு. மூன்றும் ஒரே வசனத்தில் கிடைப்பது சங்கீதம் 51:1. “கிருபையின்படி” ஹெசெத், “எனக்கு இரங்கும்” 2603, “இரக்கங்களின்படி” 7356. தமிழில் இரங்கும், இரக்கம் இரண்டும் ஒரே வேர்போலத் தெரிவதால் அங்கே ஏமாற வாய்ப்பு அதிகம்.

2617ல் வருவதெல்லாம் அன்பு அல்ல. லேவியராகமம் 20:17லும் நீதிமொழிகள் 14:34லும் அதே எழுத்துகள் வெட்கக்கேடு என்ற பொருளில் நிற்கின்றன (“பாவமோ எந்த ஜனத்துக்கும் இகழ்ச்சி”). பட்டியலை அப்படியே அச்சடித்துக் கொடுத்தால் யாராவது கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும். ஏசாயா 40:6ல் ‘மேன்மை’ என்று வருவதும் இதே சொல்தான்.

புதிய ஏற்பாட்டுக்கு வரும்போது ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. இங்கும் கிருபை, அங்கும் கிருபை என்று பவுலின் ‘காரிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லோடு நேராக ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் கிரேக்கப் பழைய ஏற்பாடு ஹெசெத்துக்குப் பெரும்பாலும் போட்டது ‘எலெயோஸ்’. ஆகவே முதலில் போகவேண்டிய இடம் லூக்கா 1: வசனங்கள் 50, 54, 58, 72, 78. ஐந்து தடவை எலெயோஸ், தமிழில் இரக்கம். 72ல் உடன்படிக்கையும் கூடவே நிற்கிறது. யோவான் 1:14ன் “கிருபையினாலும் சத்தியத்தினாலும்” யாத்திராகமம் 34:6ன் எதிரொலி என்று சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அது கிரேக்கச் சொல் ஒற்றுமையால் வந்த முடிவு அல்ல.

பதிலுரைப் பாடல் குழு
நாங்கள் வாசிப்பது 1995ல் வந்த திருவிவிலியம் என்ற தமிழ் மொழிபெயர்ப்பு. அதில் திருப்பாடல் 136, 51 இரண்டிலுமே ‘பேரன்பு’ என்று இருப்பதால் பின்தொடர்வது சற்று எளிது. உங்கள் “அவர் கிருபை என்றுமுள்ளது” எங்களுக்கு “என்றும் உள்ளது அவரது பேரன்பு”.

136ஐ முன்னும் பின்னுமாக வாசிக்கிறவர்களுக்கு: 26 வசனம், 26 பதில். எபிரெயத்தில் பதில் மூன்றே சொல், ‘கீ லெஓலாம் ஹஸ்தோ’. தமிழில் நீளம் கூடுவதால் 15ஆம் வசனம் வாக்கில் மக்கள் இழுக்கத் தொடங்குவார்கள். வாசிப்பவர் தன் வரியின் கடைசிச் சொல்லைத் தாழ்த்தாமல் முடித்தால் பதில் உடனே எழும்பும். 17 முதல் 22 வரை ஒரே ஓட்டம். சீகோன், ஓகு என்ற அரசர்களின் பெயர்களில் தடுமாறினால் சபையும் தடுமாறும், முன்கூட்டியே வாய்விட்டு வாசித்துப் பழகுங்கள்.

எகிப்தின் தலைப்பிள்ளைகளைச் சாகடித்த 10ஆம் வசனத்துக்கும் அதே பதில் வருகிறது. சங்கடமாக இருக்கிறதென்று சிலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் அடுத்த வசனத்தின் விடுதலைக்குத் தலை இல்லாமல் போகிறது. அதைவிட, உயிருள்ள எல்லாவற்றுக்கும் உணவு கொடுப்பவர் என்ற 25ஐ அவசரமில்லாமல் வாசியுங்கள். படைப்பில் தொடங்கி இஸ்ரயேலுக்குள் போன பாட்டு அங்கேதான் மறுபடி எல்லாரையும் தொடுகிறது.

எபிரெயம் மூன்றாம் ஆண்டு
புலம்பல் 3:22-23ஐ யாரும் தொடவில்லையே? காலண்டர்களில் அதிகம் அச்சாகும் வசனம். 66 வசனமும் அகரவரிசைப் பாட்டு, எழுத்துக்கு மூன்று வசனம். 22, 23, 24 மூன்றும் எட்டாம் எழுத்தான ‘ஹேத்’தில் தொடங்கவேண்டும், ஹெசெத்தின் முதல் எழுத்தும் அதுவே. நம்பிக்கை அழிந்துபோயிற்று என்று 18ல் சொன்னவன், எழுத்து வரிசை இந்த இடத்துக்கு வந்ததும் இந்தச் சொல்லை எடுக்கிறான்.

பழைய திருப்புதல்: “நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே”. திருவிவிலியத்திலோ முடிவுறாதது நாம் அல்ல, பேரன்பு. காரணம் ஒரே ஒரு ‘நூன்’ எழுத்து: ‘தாம்னூ’ என்றால் நாம் ஒழிந்தோம், ‘தம்மூ’ என்றால் அவை ஒழிந்தன. கையிலுள்ள எபிரெய பாடம் முதலாவது. பழைய சிரியாக் மொழிபெயர்ப்பு இரண்டாவதன் பக்கம்.

ஞாயிறுபள்ளி அக்கா
அப்படியென்றால் இந்த அன்பு முடியவே முடியாது என்று பிள்ளைகளிடம் அடித்துச் சொல்லலாமா தம்பி?

எபிரெயம் மூன்றாம் ஆண்டு
சொல்லலாம் அக்கா. ஆனால் சங்கீதம் 89ஐயும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். “கர்த்தரின் கிருபைகளை” என்றென்றும் பாடுவேன் என்று ஆரம்பிக்கிற அதே ஆள், 49ல் அந்தப் பூர்வ கிருபைகள் எங்கே என்று கேட்கிறான். பாட்டில் அதற்குப் பதில் இல்லை.

கன்கார்டன்ஸ் பிரியர்
எபிரெயத்தில் தேடுகிறவர்களுக்கு அது 89:50. தலைப்பும் அங்கே ஒரு வசனமாக எண்ணப்படும். 51ல் தலைப்பு இரண்டு வசனம், ஆகவே 51:1 அங்கே 51:3.