குதிரைத் தோலில் பூவேலை: செதுக்கிய கோடு நிற்க மறுப்பது ஏன்?

வார்வேலை எழுதியது:

வணக்கம். நான் டெக்சாஸில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளாக மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத் தோலில் இடைவார், பணப்பை, கத்தியுறை ஆகியவற்றைச் செய்து, அவற்றின்மேல் ஷெரிடன் பாணிப் பூக்கொடிகளைச் செதுக்கி வருகிறேன். சென்ற மாதம் முதன்முறையாகக் குதிரைத் தோல் வாங்கினேன். ஒன்று முன்பாகம், மூன்று அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் கனம். மற்றொன்று பின்பாகத் துண்டு. ஐந்து அவுன்ஸ், 2 மில்லிமீட்டர். இரண்டும் பட்டையில் பதனிட்டவை என்று சொல்லியே விற்றார்கள்.

முன்பாகத் தோலை மாட்டுத் தோலுக்குச் செய்வதைப் போலவே நனைத்து, பணப்பைக்கான பூக்கொடியை அதில் பதித்து, அலகு சுழலும் ஸ்விவல் கத்தியால் கீறி, கோட்டின் ஓரத்தை அமுக்கும் பெவலர் என்ற அச்சுக்கருவியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினேன். இதழ்களின் ஓரத்தில் விழ வேண்டிய பழுப்பு நிழல் விழவேயில்லை. தட்டிய இடம் பஞ்சு போல அமுங்கி, காய்ந்தபின் பாதிக்கு மேல் எழும்பிவிட்டது. வேலை முடிந்து அளந்தபோது துண்டு நீளவாக்கில் 3 மில்லிமீட்டர் கூடியிருந்தது. தையலுக்காக இட்ட கோடும் வளைந்து கிடந்தது. பின்பாகத் துண்டில் இதற்கு நேர்மாறாகத் தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நின்றது. கத்தி இழுக்க இழுக்கத் திக்கியது. ஒரே விலங்கின் தோல் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்வது ஏன்? குறை தோலில் உள்ளதா, என் கையில் உள்ளதா?

கொட்டாப்புளி எழுதியது:

தோலிலும் குறையிருக்காது, உங்கள் கையிலும் குறையில்லை என்றே நினைக்கிறேன். மாட்டுத் தோலின் கணக்கைக் குதிரைத் தோலுக்குப் போட்டுவிட்டீர்கள்.

மாட்டுத் தோலில் வயிற்றுப் பகுதியை விட்டுவிட்டால், தோளிலிருந்து பின்பகுதி வரை நார்ப்பின்னல் ஓரளவு ஒரே நெருக்கத்தில் இருக்கும். குதிரைக்கு அப்படியில்லை. கிரெய்ன் என்று நாம் சொல்லும் மேற்பரப்பு வழுவழுப்பாகவும் இறுக்கமாகவும் இருந்தாலும், அதற்குக் கீழே கழுத்து, தோள், விலா ஆகிய இடங்களில் நார்கள் தளர்வாகவே பின்னியிருக்கும். பிட்டப் பகுதியில் மட்டும் மேல்தோலுக்கு அடியில் மிக அடர்த்தியான ஓர் அடுக்கு, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு நீள்வட்டங்களாக அமைந்திருக்கும். அதைத்தான் ஷெல் என்கிறோம். அதைத் தனியாக்கிப் பதனிட்டால் கிடைப்பது ஷெல் கார்டோவன். சிகாகோவில் 1905இல் தொடங்கிய ஹார்வீன் ஆலை ஒரு கார்டோவனை முடிக்க ஆறு மாதமாவது எடுத்துக்கொள்கிறது. எண்ணெயும் மெழுகும் ஊறிய அந்தத் தோலுக்குள் செதுக்கலுக்கு வேண்டிய ஈரம் எளிதில் இறங்காது. ஆகையால் அதில் பூவேலை செய்ய முயல வேண்டாம்.

முன்பாகத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். துண்டைத் தேவைக்கு மேல் இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, அதன் தசைப்பக்கம் முழுவதும் பார்சல் ஒட்டும் அகல நாடாவை ஒட்டிவிட்டே செதுக்கத் தொடங்குவேன். தோல் நீள்வதை அந்த நாடா தடுக்கும். வேலை முடிந்து காய்ந்த பிறகுதான் சரியான அளவுக்கு நறுக்குவேன். எட்டு அவுன்ஸ் மாட்டுத் தோல் 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதால் அதில் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தயங்காமல் கீறலாம்; இதிலோ 0.4 மில்லிமீட்டருக்கு மேல் கத்தி இறங்கக் கூடாது. வயோமிங்கின் ஷெரிடன் ஊரில் டான் கிங் வளர்த்தெடுத்த பாணி, சேணத்துக்கு ஏற்ற கனமான தோலில் நெருக்கமான சுருள்களை ஆழமாகச் செதுக்குவது. மூன்று அவுன்ஸ் தோலில் அதை அப்படியே எதிர்பார்ப்பது நியாயமில்லை. பூவைப் பெரிதாக்குங்கள், இலைகளைக் குறையுங்கள்.

ஆவாரம்பட்டை எழுதியது:

நான் ராணிப்பேட்டையில் பல ஆண்டுகள் பதனிடும் தொட்டியடியில் வேலை பார்த்தவன். எங்களிடம் வந்தவை மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களே. குதிரைத் தோல் வந்ததில்லை. ஆனால் தட்டிய இடம் மேலே எழும்பியது என்று படித்ததும் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தில் களிமண்ணைப் போல அச்சை வாங்கிக்கொண்டு, காய்ந்ததும் அதைப் பிடித்து வைத்திருக்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோலோ ரப்பரைப் போலப் பழைய நிலைக்கே திரும்பும். குரோம் போட்டு, பிறகு மேலுக்குப் பட்டைச் சாறு ஏற்றும் கலப்புத் தோல்களும் உண்டு. அவற்றை மேலிருந்து பார்த்து எளிதில் கண்டுபிடிக்க முடியாது. கூரிய கத்தியால் ஒரு மூலையை நறுக்கி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ கலந்த கோடு தெரிந்தால் அது குரோம்.

பின்பாகத் துண்டைப் பொறுத்தவரை, தண்ணீர் ஒரு நிமிடம் கழித்தாவது உள்ளே இறங்கி அந்த இடம் கருக்கிறதா என்று சொல்லுங்கள். கருத்தால் கவலையில்லை; உருளையில் அழுத்தி இறுக்கிய தோலாக இருக்கலாம். வெதுவெதுப்பான நீரைப் பஞ்சில் தோய்த்து இரண்டு பக்கமும் தடவி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் வெளியே எடுத்ததும் கத்தியை வைத்துவிடாதீர்கள். மேல்நிறம் ஏறக்குறையப் பழைய நிறத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். அதுதான் பதம்.

இன்னொன்று. ஈரமான பட்டைத் தோலின்மேல் வெறும் இரும்பு எதையும் வைக்காதீர்கள். ஆவாரம் பட்டையானாலும் மிமோசா மரப்பட்டையானாலும் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை விழும். விழுந்துவிட்டால் உடனே எலுமிச்சைச் சாற்றைத் தடவி, நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

உறைகாரன் எழுதியது:

பின்பாகத்தைச் செதுக்கி வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்காவின் கடைசிக் குதிரை இறைச்சிக் கூடங்கள் 2007இல் மூடப்பட்டுவிட்டன. பிரான்ஸ், கனடா போன்ற குதிரை இறைச்சி உண்ணும் நாடுகளிலிருந்துதான் தோல் வருகிறது, விலையும் அதற்கேற்ப இருக்கிறது. அதன் பெருமை இறுக்கத்தில் உள்ளது. விளிம்பைத் தேய்த்து மெருகேற்றினால் கண்ணாடி போல் பளபளக்கும். கத்தியுறைக்கும் சவரக் கத்தி தீட்டும் வாருக்கும் அதைவிட நல்ல தோலை நான் கையாண்டதில்லை. ஓரத்தில் ஒற்றைக் கோடு போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். செதுக்கியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு நாலைந்து கீறலுக்கும் ஒருமுறை கத்தியைத் தீட்டுங்கள். மாட்டுத் தோலில் ஓடும் கூர்மை இதற்குப் போதாது.

வார்வேலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முன்பாகத் தோலின் மூலையை நறுக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பழுப்பு, நடுவே நூல் கனத்தில் சாம்பல் நீலக் கோடு. கலப்புத் தோல்தான். விற்ற கடைக்கு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

பின்பாகத்தில் விட்ட நீர்த்துளி ஒன்றரை நிமிடத்தில் இறங்கிக் கருத்தது. இரவு முழுவதும் பையில் வைத்து, காலையில் ஏறக்குறைய நாற்பது நிமிடம் திறந்து வைத்தபின், ஒரே ஓர் இலையை மட்டும் செதுக்கிப் பார்த்தேன். இலை நரம்பின் ஓரத்தில் பெவலர் பட்ட இடமெல்லாம் தேன் நிறத்தில் நிழல் விழுந்தது. மாலையில் காய்ந்தபிறகும் அது அப்படியே நின்றது. அளவு ஒரு மயிரிழைகூட மாறவில்லை. உறைகாரன் சொன்னபடி நான்கு கீறலுக்கு ஒருமுறை கத்தியைத் தீட்டியதால் திக்கல் நின்றது. இருந்தாலும் மாட்டுத் தோலில் கிடைக்கும் ஆழம் கிடைக்கவில்லை, அடி பலமாகத் தேவைப்பட்டது. ஆகையால் உறையின் வாய்ப்புறத்தில் மூன்று இலைகளை மட்டும் வைத்து, மற்ற இடத்தை வெறுமையாக விடப்போகிறேன். எண்ணெய் எப்போது பூசலாம்?

கொட்டாப்புளி எழுதியது:

வெட்டுமுகத்தைப் பார்க்கச் சொல்லாமல் நேரே நாடாவுக்குப் போனது என் அவசரம். ஆவாரம்பட்டை சரியாகப் பிடித்தார். அந்த முன்பாகத்தைப் பணப்பையின் உள் அறைகளுக்குப் பயன்படுத்துங்கள், மெல்லிய தோல் அங்கே நன்றாகவே உழைக்கும். எண்ணெய்க்கு ஒரு முழு நாள் காத்திருங்கள். தோலின் உட்பகுதியில் ஈரம் இருக்கும்போது பூசினால் நிறம் திட்டுத் திட்டாகப் போய்விடும். மாட்டுக் காலிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைத் துணியில் தொட்டு மிக மெலிதாக ஒரே ஒரு முறை தடவினால் போதும். அதிகமானால் இலையின் விளிம்பு தளர்ந்துவிடும்.