கேஸ்வாச்சாக்கா: பக்கத்தில் இரும்புப் பாலம் இருக்க, புல் பாலம் எதற்கு?

தேசாந்திரி_தேன்:
ஜூனில் பெரு போகிறேன். மச்சு பிச்சுவுக்குத்தான் எல்லாரும் போகிறார்களே, எனக்கு குஸ்கோ பக்கம் கனாஸ் மாகாணத்திலுள்ள கேவே மாவட்டத்தைப் பார்க்க ஆசை. கெச்சுவா பேசும் மக்கள், அபுரிமாக் ஆற்றின் மேல் புல்லைத் திரித்துக் கட்டிய கேஸ்வாச்சாக்கா பாலம். ஆனால் பக்கத்திலேயே வண்டி போகிற பாலம் இருக்கிறதாம். அப்புறம் ஏன் வருஷா வருஷம் பழசை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள்? சுற்றுலாவுக்குக் காட்டும் வேடிக்கையா?

மலைமுகடு:
வேடிக்கை மட்டும் என்றால் 2021-ல் கட்டியிருக்கவே மாட்டார்கள். கொரோனாவால் 2020-ல் புதுப்பிக்க முடியவில்லை, புல் எத்தனை மழையைத்தான் தாங்கும், 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்துவிட்டது. சுற்றுலா படுத்துக் கிடந்த நேரம், ஆற்றைக் கடக்க வேறு பாலமும் இருக்கிறது, அப்படியே விட்டிருக்கலாம். அந்த ஜூனிலேயே மறுபடி கட்டினார்கள். வின்சிரி, சௌபிபாண்டா, சோக்காய்வா, கொயானா கேவே என்று நான்கு ஊர்க்காரர்களும் சேர்ந்து இறங்குகிற வேலை இது. வீட்டுக்கு இவ்வளவு கயிறு என்று பங்கு உண்டு. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும்!

கயிறுதிரி:
வேலையைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். புல்லை நனைத்து, கல்லால் அடித்துப் பதமாக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி உருட்டி மெல்லிய கயிறாகத் திரிப்பார்கள். அவற்றைச் சேர்த்து முறுக்கி, முறுக்கியதை மூன்று புரியாகப் பின்னினால் பெரிய வடம். மொத்தம் ஆறு வடம், நான்கு காலுக்கு, இரண்டு கைப்பிடிக்கு. அதை இன்கா காலத்துக் கல் அடித்தளங்களில் இரு கரையிலும் ஆட்கள் நின்று இழுத்துக் கட்டுவார்கள். அதற்கு முன்பே பூமித்தாயான பச்சமாமாவுக்குப் படையல் முடிந்திருக்கும். மூன்று நாளில் பாலம் தயார், அடுத்த நாள் ஆட்டம் பாட்டம்.

எதிர்க்கட்சி:
எல்லாரும் சேர்ந்து என்று புகழ்கிறோம், சரி. ஆனால் மரபுப்படி பெண்கள் கயிறு திரிப்பதோடு சரி, தள்ளித்தான் உட்கார வேண்டும், பாலத்தின் மேல் வேலை ஆண்களுக்கே. 2013-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய பெருமையோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மலைமுகடு:
நியாயம். தேன், கிளம்பும் முன் குஸ்கோவில் ஓரிரு நாள் தங்குங்கள். கேவே அதைவிட உயரம், சுமார் 3,700 மீட்டர், நேரே போனால் தலைவலி பின்னி எடுத்துவிடும். கட்டும் வேலை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும், தேதியைக் குஸ்கோவிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் ஸ்பானிஷ் அவ்வளவாக எடுபடாது, கெச்சுவா தெரிந்த வழிகாட்டியாகப் பாருங்கள்.